ஒல்லாந்து நாட்டுக் கிறவற் பாதைகள்



துவிச்சக்கர வண்டியைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குப் பிறர் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது நெடுங்காலமாக எனது எண்ணம். வாழைக்குலை இரண்டு, புகையிலைச் சிப்பம் ஒன்று, முன் தண்டிற் பிள்ளை, பின்னாலே பிள்ளையின் தாய் என இத்தனையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையாற் குடையும் பிடித்துக்கொண்டு ஒழுங்கையிற் சென்ற பெரியோர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றும் பாடசாலைக்குச் சைக்கிளிலேயே செல்கின்றேன். அதிபர் ஒருவர் சைக்கிளில் வருவது பாடசாலையின் மதிப்பைக் குறைக்கும் என்று பெற்றோர் சிலர் கருதுவதும் எனக்குத் தெரியும். ஆயினும் ஐம்பத்து நான்காம் வயதில், பிறநாட்டு மணற்காடொன்றில், எனக்கு இளையவன் ஒருவனிடம் சைக்கிள் ஓட்டுவதை மீண்டும் கற்றுக்கொள்ள நேர்ந்தது. அந்த அனுபவத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இரண்டாந் தவணை விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துக்கொண்டு ஒல்லாந்து சென்றேன். அந்நாட்டின் தென்பாகத்தில் உள்ள வட பிரபாந்து மாகாணத்தில், ஐந்தோவன் நகரத்தை அடுத்த கெல்ட்ரொப் என்னும் ஊரில் என் தமக்கையார் தம் மகனுடன் வாழ்கின்றார். ஐந்தோவன் என்றதும் நேயர்களுள் முதியோர் சிலருக்கு வானொலிப் பெட்டி நினைவுக்கு வரலாம். 1891 ஆம் ஆண்டில் மின்குமிழ் செய்வதற்கெனப் பிலிப்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் அது. 1927 ஆம் ஆண்டில், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்த ஒல்லாந்தர் கேட்கும்படி சிற்றலை வழியாகப் பேசிக்காட்டியதும் அங்கிருந்துதான். கொழும்பு வானொலி அதற்கு முன்னரே, 1925 டிசெம்பரிலேயே பேசத் தொடங்கிவிட்டது என்று மருமகனிடம் கூறிச் சற்றே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் சிறிய பிலிப்ஸ் பெட்டியொன்று இருந்தது. 1990 களில், மின்சாரமும் இல்லை பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு அதனைப் பேசவைப்போம். செய்தி முடியுமட்டும் முறைவைத்துச் சுற்றுவோம். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்தவர்போலக் குரலைத் தாழ்த்திவிடுவார். அந்தச் சைக்கிள் என் அத்தானுடையது. பச்சை நிற றலி. 1993 ஆம் ஆண்டில் அவர் நோயுற்றுக் காலமான பின்னர் அது அக்காவின் உடைமையாயிற்று. ஓட்டியவன் நான். அவ்வண்டியைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

மருமகன் எனக்கென்று ஒரு சைக்கிளை நண்பரிடம் இரவல் வாங்கி வைத்திருந்தார். முதற் பார்வையிற் பந்தயச் சைக்கிள் போலவே இருந்தது. கைபிடி ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஆனால் ரயர்கள் பந்தய வண்டிக்கு உரியனவல்ல. 40 மில்லிமீற்றர் அகலம். மேற்பரப்பிற் சிறு சிறு முடிச்சுகள். சில்லின் நடுவே உருக்குத் தட்டு ஒன்றைப் பிடித்து நிறுத்தும் பிரேக். மட்காட் இல்லை, தாங்கி இல்லை, கரியர் இல்லை. கரியர் இல்லாத சைக்கிளை என்னால் முழுச் சைக்கிளாக ஏற்றுக்கொள்ள இயலவில்லை. "இதுக்குப் பேர் கிறவல் சைக்கிள், மாமா" என்றார் மருமகன். நான் சிரித்துவிட்டேன். வன்னியிலே எந்தச் சைக்கிளும் கிறவல் சைக்கிள்தானே!

ஆயினும் இது இன்று ஒரு பெரும் விளையாட்டாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிகளிற் பண்ணைகளை இணைக்கும் கல்வீதிகளில் இது வேரூன்றியது. கன்சாஸ் மாநிலத்தில் 2006 ஆம் ஆண்டிற் சிலரோடு தொடங்கிய நெடும்பயணப் பந்தயமொன்று இப்பொழுது ஆயிரக்கணக்கானோர் கூடும் விழாவாகிவிட்டது. முதலாவது உலகப் போட்டி 2022 ஆம் ஆண்டில் இத்தாலியிலும், 2024 ஆம் ஆண்டுப் போட்டி பெல்ஜியத்திலும், 2025 ஆம் ஆண்டுப் போட்டி ஒல்லாந்தின் தென் லிம்பர்க்கிலும் நடைபெற்றன. எனக்குப் பந்தயங்களில் நாட்டமில்லை. தார் வீதியில் மோட்டார்களின் இரைச்சலுக்கு அஞ்சி ஓடுவதை விட்டு, வண்டிப்பாதை வழியே காட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்பதே இதில் எனக்குப் பிடித்தது.

புறப்படுமுன் மருமகன் செய்த ஒரு காரியம் எனக்குத் திகைப்பைத் தந்தது. நான் இருந்து ஓடவேண்டிய வண்டியின் ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த காற்றில் ஒரு பகுதியைச் சீறிப்போகத் திறந்துவிட்டார். ரயர் கல்லுப்போல் இருக்க வேண்டும் என்று கற்றவன் நான். காற்றுக் குறைந்த சைக்கிளில் வரும் மாணவனைப் படலையிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டிருக்கின்றேன். மருமகன் பொறுமையோடு விளக்கினார். கடினமான ரயர் ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி விழுகின்றது. ஏறிய ஒவ்வொரு முறையும் ஓடுபவனுடைய உடல் மேலே தூக்கப்படுகின்றது. அவ்வாறு தூக்குவதற்குச் செலவாகும் வலு அவனுடைய காலிலிருந்துதானே வரவேண்டும்? காற்றுக் குறைந்த அகன்ற ரயரோ கல்லைத் தனக்குள் வாங்கி மூடிக்கொண்டு செல்கின்றது. மணலில் அதன் அடி பரந்து பதிவதால் அமிழ்வதும் குறைவு. உள்ளே ரியூப் கிடையாது. அதற்குப் பதிலாகச் சிறிதளவு பால்போன்ற திரவத்தை ஊற்றிவிடுகின்றனர். முள் குத்தினால் அத்திரவமே துளையை அடைத்துவிடும். நான் தலையசைத்தேன், நம்பவில்லை.

முதல் ஐந்து கிலோமீற்றரில் நம்பிக்கை வந்தது. ஊரைக் கடந்து பாதை கல்லும் மணலுமாக மாறிய இடத்தில், கைக்கும் முள்ளந்தண்டுக்கும் வரவேண்டிய அதிர்வு வரவில்லை. மட்சாடியில் வைத்த பால் தளும்பாமற் செல்வதுபோற் சென்றோம்.

அந்நாடு தட்டையானது என்பதை நாம் புவியியற் பாடத்திற் படித்திருக்கின்றோம். ஆயினும் தட்டை என்பதைக் கால்கள் அறிவது வேறு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இறக்கமில்லாத நாட்டிற் பெடலை நிறுத்தி இளைப்பாற இடமில்லை என்பதை மதியத்திற்குப் பின்னரே உணர்ந்தேன். மலைக்குப் பதிலாக அங்கே காற்று உண்டு. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்று கிழக்கு நோக்கிப் போகையில் நண்பன், திரும்புகையிற் பகைவன்.

வழி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பாதைகள் சந்திக்கும் இடந்தோறும் ஓர் எண் பொறித்த பலகை நிற்கின்றது. 17 இலிருந்து 42 இற்கு, 42 இலிருந்து 8 இற்கு என்று எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாற் போதும். எல்லைக்கு அப்பால், பெல்ஜியத்தைச் சேர்ந்த லிம்பர்க்கில், ஹ்யூகோ போலன் என்னும் சுரங்கப் பொறியியலாளர் வகுத்த முறை இது. 1995 ஆம் ஆண்டில் அங்கே முதலில் நடைமுறைக்கு வந்து, பின்னர் ஒல்லாந்து முழுவதும் பரவிவிட்டது.

அந்த ஆண்டை மருமகன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். 1995 என்றதும் என் மனத்தில் எழுவது வேறொரு பாதை. அதனை அப்பொழுது நான் சொல்லவில்லை.

கெல்ட்ரொப்பிற்குத் தென்கிழக்கே ஸ்திராபிரெக்ட் என்னும் பெருவெளி இருக்கின்றது. ஏறத்தாழ 1500 ஹெக்டயர். இவ்வகை நிலத்தை அவர்கள் 'ஹைட' என்பர். தமிழில் இதற்கு நேரான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மரமென்று சொல்லத்தக்கது அரிது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேர்ச் மரமும் பைனும் நிற்கும். மற்றெல்லா இடமும் முழங்கால் உயரத்துக்குக் கெட்டியான ஒரு புதர். ஆகஸ்டின் பிற்பகுதியில் அப்புதர் முழுவதும் ஒரே வேளையிற் பூக்கின்றது. கத்தரிப்பூ நிறம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிலம் கத்தரிப்பூ நிறமாகக் கிடக்க, அதனை ஊடறுத்து வெண்மணற் பாதையொன்று ஓடுகின்றது. தேனீக்களின் ஓசை சைக்கிளின் ஓசையைவிட மிகுதி.

இஃது இயற்கை தானே வளர்த்த தோட்டம் என்று நினைத்தேன். அன்று என்று அறிந்தபொழுது வியப்புற்றேன். முன்னொரு காலத்தில் இது காடு. உழவர் காட்டை அழித்தனர், செம்மறிகளை மேயவிட்டனர். பின்னர் மேல்மண்ணைப் புதரோடும் வேரோடும் தட்டுத் தட்டாக வெட்டி எடுத்துச் சென்று, தொழுவத்தில் மாட்டின் கீழே பரப்பினர். அது சாணத்தோடும் மூத்திரத்தோடும் ஊறியதும் வயலிற் கொட்டினர். இவ்வாறு பல நூற்றாண்டுகள். வயல்நிலம் தலைமுறைதோறும் உயர்ந்துகொண்டே போயிற்று; வெளிநிலமோ சத்தெல்லாம் இழந்து வெறும் மணலாயிற்று. அச்சத்தற்ற மணலிலே பிழைக்கத் தெரிந்த செடிதான் இந்தப் புதர். வன்னியிலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் வண்டி வண்டியாகக் குழை கொண்டுவந்து தோட்டத்திலே தாழ்த்திய எங்கள் வலிகாமத்துக் கமக்காரருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். ஓரிடத்து மண் கொழுக்க வேண்டுமானால் வேறோரிடத்து மண் மெலிந்தாக வேண்டும். முல்லை நிலம் தன் நலங்கெட்டுப் பாலையாக மாறும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அப்பகுதியைப் பல ஆண்டுகள் வகுப்பிற் கற்பித்திருக்கின்றேன். அதன் பொருளை மணலில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செயற்கைப் பசளை வந்தபின் இவ்வெளிகளால் உழவருக்குப் பயனில்லாமற் போயிற்று. 1888 ஆம் ஆண்டில் இவற்றைத் திருத்திப் பயிர் செய்விப்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். பெரும்பகுதி வயலாகவும் பைன் காடாகவும் மாறிவிட்டது. எஞ்சியதைக் காப்பாற்ற இன்று அரும்பாடு படுகின்றனர். காப்பாற்றுவது என்றால் தொடாமல் விட்டுவிடுவது அன்று. விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மரம் முளைத்து மீண்டும் காடாகிவிடுமாம். ஆகவே சம்பளம் கொடுத்து மேய்ப்பரை அமர்த்திச் செம்மறிகளை மேயவிடுகின்றனர். இடையிடையே மேல்மண்ணை இயந்திரத்தாற் சுரண்டி எடுக்கின்றனர். முன்னோர் வறுமையினாற் செய்ததைப் பின்னோர் செலவு செய்து செய்விக்கின்றனர். இப்பொழுதுள்ள பெரும் பகை, கால்நடைப் பண்ணைகளிலிருந்து காற்றில் ஏறிவந்து படியும் நைதரசன். அது மணலுக்கு எருவாகிப் புதரை அமுக்கிப் புல்லை வளர்க்கின்றது. 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு உயர் நிருவாக நீதிமன்றம், அரசாங்கத்தின் நைதரசன் திட்டம் இந்நிலங்களைக் காக்கப் போதியதன்று எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் உழவர் உழவு இயந்திரங்களோடு ஹேக் நகருக்குத் திரண்டனர். யார் பக்கம் நியாயம் என்று மருமகனைக் கேட்டேன். "நான் பால் குடிக்கிறவன், மாமா, இங்கை சைக்கிளும் ஓடுறவன்" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

பாதையை விட்டு இறங்கலாகாது என்பது அங்கே கட்டளை. வானம்பாடி முதலிய பறவைகள் நிலத்திலேயே கூடு கட்டுவதால் அவ்விதி. எனக்கு அக்கட்டளை தேவைப்படவில்லை. மருமகன் பூக்களின் நடுவே என்னைப் படமெடுக்க விரும்பி, ஓரத்திற் சற்று ஒதுங்கி நிற்கும்படி கேட்டார். என் கால் இறங்க மறுத்துவிட்டது. மிதிவெடி அபாயம் என்று எழுதிய சிவப்புப் பலகைகளுக்கிடையே பல ஆண்டுகள் பாடசாலைக்குச் சென்றுவந்த கால் அது. பலகை இல்லாத இடத்திலும் தன் பாடத்தை மறக்கவில்லை. படத்தைப் பாதையின் நடுவிலேயே எடுத்துக்கொண்டோம்.

சோமரன் என்னும் ஊரை நோக்கிப் போகையிற் பைன் காடு வருகின்றது. அணிவகுப்புக்கு நிற்கும் மாணாக்கரைப்போல வரிசை தவறாமல் நிற்கும் மரங்கள். இவை தாமாக வளர்ந்தனவல்ல. இத்தகைய காடுகள் பெரும்பாலும் லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டு மரம் வேண்டி நடப்பட்டவை. பைன் முட்டு முறிவதற்கு முன்னே முனகுமாம். அந்தச் சத்தம் கேட்டுச் சுரங்கத்தார் ஓடித் தப்பலாமாம். அண்மையிலுள்ள லேந்தர் காட்டை 1930 களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்றோரைக் கொண்டு கையாலே நடுவித்தனர். மரம் முற்றிய காலத்திற் சுரங்கங்களே இல்லாமற் போயின. ஒல்லாந்தின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1974 ஆம் ஆண்டின் கடைசி நாளில் மூடப்பட்டது. வேலை தேடியவர் நட்ட மரத்தடியில் இப்பொழுது விடுமுறை தேடுபவர் சைக்கிள் ஓடுகின்றனர்.

அக்காட்டு விளிம்பில் உதிர்மணல் நிறைந்த ஓர் இடத்தில் நான் விழுந்தேன். மணலைக் கண்டதும் நம்மவர் வழக்கப்படி பிரேக்கைப் பிடித்துக் கைபிடியைத் திருப்பினேன், முன்சில்லு புதைந்தது, நான் கைபிடிக்கு மேலாகச் சென்று மணலில் அமர்ந்தேன். அடியொன்றும் இல்லை. மணலிற் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. உடலின் பாரத்தைப் பின்னே தள்ளி, கைபிடியை இறுக்காமல், பெடலை நிறுத்தாமல் ஒரே சீராக மிதித்து, வண்டி தன் வழியைத் தானே தேட விட்டுவிட வேண்டும். இதனைக் கேட்டபொழுது, புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர்களுக்கு ஒன்பதாம் வகுப்பைப் பற்றி நான் கூறும் அறிவுரை நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து சற்றுத் தொலைவிலே பேவென் என்னும் குளம். ஏறத்தாழ 85 ஹெக்டயர். நமது வன்னிக் குளங்களோடு ஒப்பிட்டாற் சிறியதே. ஆயினும் அந்நாட்டில் இவ்வகைக் குளங்களுள் இதுவே பெரியது.  நீர் ஊடுபுகாத மண்படையின்மேல் மழைநீர் தேங்கி உண்டான ஆழமற்ற நீர்நிலை. கரையில் நாணலும் சேறும். ஒரு மரவாங்கிலில் அமர்ந்து அக்கா கட்டித்தந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் அவிழ்த்தோம்.

அப்பொழுதுதான் மருமகன் கேட்டார். "மாமா, இடம்பெயர்ந்து போகேக்கை என்னைச் சைக்கிள் பாரிலை வைச்சுக் கொண்டுபோனீங்கள் எண்டு அம்மா சொல்லுவா. எனக்கு அது நினைவில்லை. திரும்பி வரேக்கை நடந்து வந்ததுதான் நினைவிருக்கு. சைக்கிள் எங்கை போனது?"

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவை அறிந்தோருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மழை. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. முன் தண்டில் ஆறு வயதுப் பிள்ளையை வைத்து, கரியரில் அரிசியும் உடுபுடைவையும் கட்டி, அந்தப் பச்சை றலியை நான் தள்ளிக்கொண்டு நடந்தேன், ஓட இடமில்லை. அக்கா பின்னே கரியரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாவகச்சேரியில் உறவினர் வீட்டு விறாந்தையிற் சில மாதங்கள் இருந்தோம். 1996 ஏப்ரிலில் மக்கள் வலிகாமத்திற்குத் திரும்பத் தொடங்கியபொழுது நாங்களும் திரும்பினோம். அப்பொழுது சைக்கிள் இல்லை. சந்தையில் நிறுத்திவைத்த இடத்திற் களவுபோய்விட்டது என்று அக்காவிடம் கூறியிருந்தேன்.

அது களவுபோகவில்லை. நான் விற்றுவிட்டேன். எனக்கு அப்பொழுது இருபத்தைந்து வயது. பட்டப்படிப்பு அரைகுறையாக நின்றிருந்தது. கொழும்புக்குச் செல்ல அனுமதியும் வழியும் ஒழுங்கு செய்து தருவதாக ஒருவர் கூறினார். முற்பணம் கேட்டார். சைக்கிளை விற்று அப்பணத்தைக் கொடுத்தேன். அவரை நான் பின்னர் காணவில்லை. போகும் எண்ணத்தையும் அக்காவிடம் மறைத்திருந்தேன். போகாமல் ஏமாந்ததையும் மறைத்தேன். சாவகச்சேரியிலிருந்து எங்கள் ஊருக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரமும் அக்கா பிள்ளையைச் சிறிது நடத்தியும் சிறிது தூக்கியும் வந்தார். நான் மூட்டையைச் சுமந்தேன். வழிநெடுகச் சைக்கிள் திருடியவனை அக்கா ஏசிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத இதனைக் குளக்கரையில் மருமகனிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அம்மாவுக்கு நீங்கள் சொல்லுவியளோ, நான் சொல்லட்டோ?" என்று மட்டும் கேட்டார். நான் சொல்வதாகக் கூறினேன். புட்டுக் கட்டியிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார், நானும் எழுந்தேன்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகவே கூறலாம்; என் மனமும் அதில் முழுமையாக இருக்கவில்லை. கிழக்கே பேல் என்னும் சதுப்புநிலம். பாசி வகையொன்று நீரில் வளர்ந்து மடிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்து உண்டான நிலம். முற்றா நிலக்கரி என்று நமது பாடநூல்கள் கூறுவது இதனையே. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும் இதனை அடுப்பெரிக்க வெட்டி எடுத்தனர். 1853 ஆம் ஆண்டில் வான் டி கிரீன்ட் என்பவர் கால்வாய் வெட்டி இதனைப் பெருந்தொழிலாக்கினார். அங்கே தோன்றிய ஊருக்குத் தம் மனைவியார் ஹெலெனாவின் பெயரை இட்டார். வெட்டிய குழிகள் இன்று குளங்கள். எஞ்சிய பகுதியொன்று 1993 ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. இலையுதிர் காலத்தில் வடக்கேயிருந்து வரும் கொக்கினத்துப் பெரும்பறவைகள் அங்கே இரவு தங்கிச் செல்லும் என்றனர். நான் சென்றது அதற்கு முந்திய பருவம். கருநிற நீரையும், நீரிலே நிற்கும் பட்ட மரங்களையும் கண்டேன். பாதை கரிய மண்ணால் ஆனது. மெத்தைபோல அமுங்கி எழுந்தது. அதில் ஓடுகையிற் சைக்கிளின் ஓசையே எழவில்லை.

திரும்புகையில் தென்மேற்குக் காற்று முகத்தில் அடித்தது. மருமகன் முன்னே சென்றார். சில்லுக்குச் சில்லு ஒரு முழம் விட்டுப் பின்னே வரும்படி சொன்னார். அவ்வாறு செல்பவனுக்குக் காற்றின் தாக்கம் மிகக் குறைவு. அறுபது கிலோமீற்றர் ஓடி வீட்டை அடைந்தபொழுது பொழுது சாயவில்லை. அந்நாட்டில் ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கும் வெயில்.

இரவு உணவின்போது அக்காவிடம் சொன்னேன். வானொலியில் இதனைக் கூறுவதற்கும் அவரிடம் இசைவு பெற்றுள்ளேன். அவர் அகப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "எவ்வளவுக்கு வித்தனி?" என்றார்.

"மூவாயிரத்து ஐந்நூறு."

"அது றலியடா! ஆறாயிரத்துக்குக் குறையக் குடுத்திருக்கக் கூடாது" என்று கூறி, என் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பைச் சோற்றை வைத்தார். மருமகன் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. பின்னர் நானும் அவரும் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கையில், தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடியே, "அண்டைக்கு இவன்ரை கால் இரண்டும் கொப்பளிச்சுப் போச்சு. எண்ணெய் பூச ஒரு சொட்டு எண்ணெய் இல்லை" என்றார். அதன்பின் வேறு பேச்சுப் பேசினோம்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் சைக்கிளின் ரயர்களில் அரைவாசிக் காற்றைத் திறந்துவிட்டேன். எங்கள் பாடசாலைக்குச் செல்லும் வழியிற் கடைசி இரண்டு கிலோமீற்றர் கிறவல். குளக்கட்டின் ஓரமாகப் போகின்றது. முதல் நாள் மிக இன்பமாக இருந்தது. இரண்டாம் நாட் காலை, கல்லொன்றின்மேல் ஏறிய மறுகணமே பின்சில்லு நிலத்தில் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சந்தியிலுள்ள சைக்கிள் திருத்துபவரிடம் கொடுத்தேன். அவர் ரியூபைக் கழற்றி நீரில் அமிழ்த்திப் பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு கீறல்கள். ரியூப் உள்ள ஒடுங்கிய ரயரிற் காற்றுக் குறைந்தால், கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே ரியூப் நசுங்கி இவ்வாறுதான் ஆகுமாம். ஒல்லாந்தில் ஓடியது ரியூப் இல்லாத அகன்ற ரயர் என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அவர் ஒட்டுப் போட்டு, கல்லுப்போலக் காற்றடித்து, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"சேர், காத்து இல்லாமல் ஓடக்கூடாதெண்டு எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்?"

என் பழைய மாணவர். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று நான் பாடசாலைக்குச் சென்றது முதலாவது மணி அடித்து இருபது நிமிடம் கழித்து.